சொராரிட்டியில் சேர விரும்பும் மாணவி: எங்கே உரக்கச் சொல்வது, எங்கே பொறுமை காப்பது

2024 ஜூலை மாதத்தில் கமலா ஹாரிஸ் மூன்று நகரங்களில் மூன்று பெண்கள் அமைப்புகளின் மாநாடுகளில் பேசினார். 10-ஆம் தேதி டாலஸில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 24-ஆம் தேதி இண்டியானாபொலிஸில் ஸீட்டா ஃபை பீட்டா, 31-ஆம் தேதி ஹூஸ்டனில் சிக்மா காமா ரோ. முதல் கூட்டத்துக்கும் இரண்டாவது கூட்டத்துக்கும் இடையில்தான் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி, ஹாரிஸ் அதிபர் வேட்பாளராக முன்னுக்கு வந்திருந்தார். நாடே அவருடைய ஒவ்வோர் அடியையும் கவனித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் நேரம் ஒதுக்கிய இந்த மூன்றும் கல்லூரி மாணவிகளால் தொடங்கப்பட்டவையோ, கல்லூரி வளாகங்களில் வேர்விட்டவையோ ஆன சொராரிட்டிகள், அதாவது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பெண்கள் சங்கங்கள். துளசேந்திரபுரத்தையும் சியாமளா கோபாலனையும் அறிந்த தமிழ் வாசகர்களில் பலருக்கு, சியாமளாவின் மகள் 1986-இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும்போது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் உறுப்பினரானார் என்பதும், அந்த உறுப்பினர் தகுதி அவர் பட்டம் பெற்றதோடு முடிந்துவிடவில்லை என்பதும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் இன்று பல்கலைக்கழகங்களுக்குள் நுழையும்போது, முதல் வாரத்திலேயே இந்த அமைப்புகளின் மேசைகளையும் பதாகைகளையும் பார்க்கிறார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது "ரஷ் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்கிறார்கள்; ரஷ் என்பது சொராரிட்டிகளின் சேர்க்கைச் சுற்று. அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. அவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, சேர விரும்புகிறேன் என்று ஒரு மாணவி யாரிடம், எப்போது, எவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு அங்கே ஒரே விடை இல்லை என்பதுதான். ஒரே வளாகத்தில் ஒரு வகைச் சொராரிட்டிக்குப் பெயர் பதிவு செய்து, படம் அனுப்பி, எல்லாரும் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் கூடும் இன்னொரு வகைக்கு அப்படி விளம்பரப்படுத்திக்கொள்வதே தகுதிக் குறைவாகக் கருதப்படும். இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று; இரண்டு வகையும் பிறந்த சூழலே அதற்குக் காரணம்.

1860-களில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சில கல்லூரிகள் பெண்களையும் சேர்க்கத் தொடங்கின. வகுப்பறைகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே பெண்கள் இருந்தார்கள். ஆண்களின் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இண்டியானா ஆஸ்பரி கல்லூரியில், இன்றைய டிபா பல்கலைக்கழகத்தில், பெட்டி லாக் என்ற மாணவியிடம் ஓர் ஆண்கள் சங்கம் தன் சின்னத்தை அணிகலனாக அணிந்துகொள்ளும்படி கொடுத்தபோது, முழு உறுப்பினர் உரிமை இல்லாத சின்னம் தமக்கு வேண்டாம் என்று மறுத்த அவர், தோழிகளோடு சேர்ந்து 1870-இல் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார். இலினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் அதற்கு மூன்றாண்டு முன்பே, பின்னாளில் பை பீட்டா ஃபை என்று பெயர் பெற்ற அமைப்பு தோன்றியிருந்தது. முப்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட அமைப்புகள் பெருகி, நல்ல மாணவிகளைத் தங்கள் பக்கம் இழுக்க ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கின. கல்லூரியில் காலடி வைக்கும் முன்பே பெண்களிடம் உறுதிமொழி வாங்கும் அளவுக்கு அந்தப் போட்டி முற்றியது. அதைக் கட்டுக்குள் கொண்டுவரவே 1902 மே மாதம் ஏழு சொராரிட்டிகளின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து உருவான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் பின்னர் 26 அமைப்புகளின் கூட்டமைப்பாக வளர்ந்தது. ஆக, இந்தக் கூட்டமைப்பின் முதல் வேலையே, விருப்பம் தெரிவிப்பதற்கும் அதை ஏற்பதற்கும் விதி வகுப்பதாகத்தான் இருந்தது.

அந்த விதிகள் இன்று ஒரு பெரிய பொருத்தப் பொறியாக வளர்ந்திருக்கின்றன. அலபாமா போன்ற தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் மாதம், வகுப்புகள் தொடங்கும் முன்பே, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகள் இதற்காகப் பெயர் பதிவு செய்கிறார்கள். டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு அனுமதியே இல்லை. இரண்டாம் ஆண்டில்தான் சேர முடியும். வேறு சில இடங்களில் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். எங்கே நடந்தாலும் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான். இணையத்தில் படிவம் நிரப்பி, கட்டணம் செலுத்தி, மதிப்பெண் விவரமும் பள்ளிக்காலச் செயல்பாடுகளும் ஒரு படமும் கொடுக்க வேண்டும். சில வளாகங்கள் சிறு அறிமுகக் காணொளியும் கேட்கின்றன. படிவத்தில் குறிப்பிட்ட ஒரு சொராரிட்டியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கிளைகளையும் பார்க்கத் தயார் என்பதே அந்தப் பதிவின் பொருள்.

பிறகு பல நாட்கள் சுற்றுச் சுற்றாகச் சந்திப்புகள். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும், அதாவது அந்தந்தக் கிளையின் இல்லங்களுக்கும், போக வேண்டும்; அடுத்து அவர்களின் அறப்பணி பற்றிய சுற்று, அதற்கடுத்துத் தோழமை பற்றிய சுற்று, கடைசியில் பெரும்பாலும் இரண்டே வீடுகளுக்கு மட்டும் போகும் இறுதிச் சுற்று. ஒவ்வொரு சந்திப்பும் அரைமணி நேரம் போல நடக்கும். வாசலில் ஓர் உறுப்பினர் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவார். சில நிமிடங்களில் இன்னொருவர் பேச்சில் வந்து கலந்துகொள்ள, முதலாமவர் நழுவி அடுத்தவரிடம் போவார். இந்தக் கைமாற்றம் பல நாள் ஒத்திகை பார்க்கப்பட்டது. ஆண்கள், மது, மதம், அரசியல், பணம் ஆகிய ஐந்தையும் பேச்சில் தொடக் கூடாது என்று இரு தரப்புக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். மாணவிகளுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்படும் மூத்த மாணவிகள், சேர்க்கை முடியும் வரை தாம் எந்தச் சொராரிட்டியைச் சேர்ந்தவர் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். தம் சங்கத்தை விட்டுத் தற்காலிகமாக விலகியே அந்தப் பொறுப்பை ஏற்கிறார்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் மாணவிகள் தமக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்துவார்கள். கிளைகள் தாம் மீண்டும் அழைக்க விரும்பும் மாணவிகளின் பட்டியலைத் தரும். கணினி இரண்டையும் பொருத்தி மறுநாள் அட்டவணையைத் தரும். ஒரு கிளை எத்தனை பேரை அழைக்கலாம் என்பதையும் அதுவாகத் தீர்மானிக்க முடியாது. கடந்த ஆண்டுகளில் அது அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கை வைத்து அந்த எண்ணிக்கை விதிக்கப்படுகிறது. எல்லாரும் விரும்பும் கிளை, தனக்கு இடமில்லாத மாணவிகளைத் தொடக்கத்திலேயே விடுவித்துவிட வேண்டும்; நம்பிக்கை காட்டிக் கடைசி நாள் வரை வைத்திருந்து கைவிடக் கூடாது. இதன் விளைவு முதல் நாள் இரவில் தெரியும். மிகவும் பிடித்த மூன்று வீடுகளின் பெயர்கள் மறுநாள் அட்டவணையில் இல்லாமல் போவதைப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தனிப்பட்ட நிராகரிப்பாகவே எடுத்துக்கொள்வாள். அந்தக் கணக்கின் உள்கூறு தெரிந்த பெற்றோர் அருகில் இல்லாவிட்டாலும் தொலைபேசியிலாவது இருந்தால் நல்லது. ஏனென்றால் அதில் அவளைப் பற்றிய தீர்ப்பு எவ்வளவு, எண்ணிக்கைக் கணக்கு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல வேறு யாரும் முன்வரமாட்டார்கள்.

உண்மையான விருப்பம் தெரிவிக்கப்படுவது இறுதிச் சுற்று முடிந்த உடனேதான். மாணவி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தாம் ஏற்கச் சம்மதிக்கும் அமைப்புகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். இந்த முழு நடைமுறையிலும் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய தாள் அதுவே. அதில் எழுதிய அமைப்பு ஒன்றிடமிருந்து அழைப்பு வந்து, மாணவி அதை வேண்டாம் என்று மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஓராண்டுக்கு இந்தக் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொராரிட்டியிலும் அவர் சேர முடியாது. இரண்டு வீடுகள் அழைத்திருக்க, ஒன்றின் பெயரை மட்டுமே எழுதினால், அது கிடைக்காதபோது எதுவுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் எழுதினால் பொதுவாக ஓரிடம் கிடைத்துவிடும். வழிகாட்டிகள் பெரும்பாலும் இரண்டையும் எழுதச் சொல்வார்கள். ஆனால் மனம் ஒப்பாத இடத்தின் பெயரை எழுதி ஓராண்டுக்குக் கட்டுப்படுவதைவிட, எழுதாமல் விடுவதும் ஒரு மாணவியின் உரிமை என்றே நான் நினைக்கிறேன். முறையான சேர்க்கை முடிந்த பிறகும் இடமிருக்கும் கிளைகள் ஆண்டு முழுவதும் தனித்தனியாக அழைப்பு விடுக்கின்றன. பரபரப்பில்லாமல் பேசிப் பழகிச் சேர அந்த வழி பலருக்கு ஏற்றதாக இருக்கிறது.

இவ்வளவு விதிகள் இருந்தும், உறுப்பினர்கள் வாக்களிக்கும் அறைக்குள் நடப்பதை மாணவி ஒருபோதும் பார்க்க முடியாது. 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் நாளிதழான தி கிரிம்சன் வைட் அந்த அறையின் கதவைத் திறந்து காட்டியது. எல்லாத் தகுதியும் உடைய கறுப்பின மாணவி ஒருவரை உறுப்பினர்கள் சேர்க்க விரும்பியும், கிளையின் முன்னாள் மாணவிகள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று உறுப்பினர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். கறுப்பின மாணவர்களான விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் எதிர்ப்பை மீறி அதே பல்கலைக்கழகத்தில் காலடி வைத்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி நாடெங்கும் பரவியதும் பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்டார்; அந்த வாரங்களில் கறுப்பின மாணவிகள் சிலர் அந்த அமைப்புகளில் சேர்ந்தார்கள். தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்த பெண்களுக்கு முன்னுரிமை தரும் வழக்கத்தைப் பல அமைப்புகள் 2020-க்குப் பின்தான் கைவிட்டன. குடும்பத்தில் முதல் தலைமுறையாக அந்த வளாகத்துக்குள் வரும் குடியேறியோர் பெண்களுக்கு, தமிழ்ப் பெண்கள் உட்பட, அந்த வழக்கம் எந்த வகையிலும் உதவியதில்லை.

கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகள் தோன்றியதும் இந்தக் கதவு மூடியிருந்ததால்தான். 1908 ஜனவரியில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெட்ஜ்மனும் அவருடைய தோழிகளும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1913 ஜனவரியில் அதிலிருந்து பிரிந்த 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினார்கள். அதே ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்ததுதான் அவர்களுடைய முதல் பொதுச் செயல். 1920-இல் ஸீட்டா ஃபை பீட்டா வந்தது. 1922-இல் இண்டியானாபொலிஸில் ஏழு ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள். இந்த நான்கும், கறுப்பின ஆண்களின் ஐந்து சங்கங்களும் சேர்ந்ததே டிவைன் நைன் எனப்படும் கூட்டமைப்பு. 1930-இல் ஹோவர்டில் உருவான அதன் முறையான பெயர் நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சில். முன்னர்ச் சொன்ன கான்ஃபரன்ஸோடு பெயர் மிக நெருங்கியிருப்பதால் குழப்பிக்கொள்ள இடமுண்டு. நடைமுறையில் இரண்டுக்கும் தொடர்பில்லை.

இங்கே பொருத்தப் பொறி கிடையாது, சுற்றுகள் கிடையாது, பல அமைப்புகளை ஒரே நேரத்தில் பார்த்து வருவதும் கிடையாது. மாணவி முதலில் தாம் எதில் சேர விரும்புகிறார் என்பதைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்துவிட வேண்டும். ஓரிடத்தில் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் அடுத்த இடம் என்று நகர்வது மன்னிக்கப்படாத பிழை. அந்த முடிவை வளாகத்தில் தம்பட்டம் அடிப்பதும் கூடாது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் இளஞ்சிவப்பும் பச்சையும், டெல்டாவின் சிவப்பும் பாலேட்டு நிறமும் அந்தந்த உறுப்பினர்களுக்கு உரியவை. உறுப்பினராக விரும்பும் மாணவி அந்த நிறச் சேர்க்கையில் உடுத்தி வருவதையும், அவர்களுடைய கைக்குறியைக் காட்டுவதையும், குரலொலியை எழுப்புவதையும் அடுத்தவர் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்ததாகவே கருதுவார்கள். செய்ய வேண்டியது அவர்கள் நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்கு, வாக்காளர் பதிவு முகாமானாலும் உடல்நலக் கருத்தரங்கானாலும், போய்க் கலந்துகொள்வது, நன்றாகப் படிப்பது, எந்த அமைப்பின் பெயரும் இல்லாமல் தம் சொந்த முயற்சியில் சமூகப் பணி செய்வது, அறிமுகமான உறுப்பினர் ஒருவரிடம் தக்க நேரத்தில் தனியாக, அடக்கமாகத் தம் விருப்பத்தைச் சொல்வது.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எல்லாக் கிளைகளும் புதியவர்களை எடுப்பதில்லை. சில கிளைகள் இரண்டு மூன்றாண்டுகள் யாரையும் எடுக்காமல் இருப்பதுண்டு. எடுக்க முடிவு செய்தால், அறிமுகக் கூட்டத்துக்கு அறிவிப்பு வரும். அதில் குறிப்பிடப்படும் நேரமே யாருடைய கூட்டம் என்பதைச் சொல்லிவிடும். 1908-இல் பிறந்த அமைப்பு இரவு 7.08-க்குத் தொடங்கும், ஏனெனில் அது 19.08, டெல்டாவின் கூட்டம் 7.13-க்கு. அலுவலக உடையில் வர வேண்டும். குறித்த நிமிடத்தில் கதவு சாத்தப்படும், தாமதமாக வந்தவர் வெளியிலேதான். உள்ளே, தேவையான ஆவணங்களின் பட்டியல் தரப்படும். அதிகாரபூர்வ மதிப்பெண் சான்று, உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதம், செய்த சமூகப் பணிக்கான அத்தாட்சி, கட்டணம், தம்மைப் பற்றிய எழுத்து. அடுத்து நேர்காணல், பிறகு வாக்கெடுப்பு. அந்த எழுத்தில் பலர் தடுமாறுகிறார்கள். அமைப்பின் புகழையும் அதன் பெயர் பெற்ற உறுப்பினர்களையும் அடுக்கி எழுதுவதால் பயனில்லை. அவற்றை நேர்காணல் செய்பவர்கள் நன்கு அறிவார்கள். 1930-களில் மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக் கிராமங்களுக்கு ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மருத்துவர்களையும் செவிலியர்களையும் அனுப்பிய திட்டத்தைப் படித்த மாணவி, தம் ஊரில் தாம் செய்த தடுப்பூசி முகாமைப் பற்றி இரண்டு பத்தி எழுதினால், அதில் அவர்கள் தேடுவது இருக்கிறது.

இந்தப் பொறுமையும் அடக்கமும் ஏன் கேட்கப்படுகின்றன என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பெரும்பாலான வெள்ளையர் சொராரிட்டிகளில் கல்லூரி வாழ்க்கையோடு அன்றாட ஈடுபாடு தணிந்துவிடும். டிவைன் நைன் அமைப்புகளில் பட்டம் பெற்ற பிறகுதான் பணி கனக்கிறது. பட்டதாரிகளுக்கெனத் தனிக் கிளைகள் நகரந்தோறும் உண்டு. கல்லூரிக் காலத்தில் சொராரிட்டியில் சேராதவர்கள் முப்பதிலும் ஐம்பதிலும் அவற்றின் வழியாக உறுப்பினராகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணான ஷர்லி சிஷம் டெல்டா உறுப்பினர். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஸீட்டாவின் தொடக்க கால உறுப்பினர். ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட 2020-இல், நாடெங்கும் இருந்து தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற அதே தொகை மீண்டும் மீண்டும் வந்ததற்குப் பின்னால் இருந்தது இந்த வாழ்நாள் பிணைப்புதான். அப்படியொரு பிணைப்புக்குள் ஒருவரைச் சேர்க்கும் முன் நீண்ட நாள் பார்த்துப் பழக விரும்புவது நியாயமே.

ஆனால் அதே மௌனம் வேறொன்றுக்கும் திரையாகிறது. முன்பு, உறுப்பினராவதற்கு முன் வாரக்கணக்கில் நீடித்த உறுதிமொழிக் காலத்தில் புதியவர்களை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் சாதாரணமாக இருந்தன. ஆண்கள் சங்கங்களில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1990-இல் இந்தக் கூட்டமைப்பு அந்தக் காலத்தையே ஒழித்து, குறுகிய, மேற்பார்வையுள்ள சேர்க்கை முறையைக் கொண்டுவந்தது. விதி மாறியும் வழக்கம் முழுதாக மாறவில்லை. முறைப்படி மட்டும் சேர்ந்தவரைக் காகிதத்தில் சேர்ந்தவர் என்று ஏளனம் செய்யும் பேச்சு இன்றும் வளாகங்களில் உண்டு. அந்த ஏளனத்துக்கு அஞ்சி, அதிகாரபூர்வக் கூட்டத்துக்கு முன்பே இரவில் ரகசியமாக அழைக்கப்படும் இடங்களுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். விருப்பத்தை அடக்கமாகச் சொல்வது வேறு. தமக்கு நடப்பதை வீட்டாரிடமும் அறைத்தோழியிடமும் மறைப்பது வேறு. முறையான சேர்க்கையில் தேதியும் இடமும் கட்டணமும் எழுத்தில் இருக்கும், மேற்பார்வைக்குப் பட்டதாரி உறுப்பினர் ஒருவர் இருப்பார். இவை இல்லாத எந்தக் கூட்டமும் அந்த அமைப்பின் சொந்த விதிகளுக்கே எதிரானது.

மூன்றாவது வழி இளையது. நம் குடும்பங்களுக்கு நெருக்கமானதும் அதுதான். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்த இந்திய, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் குடும்பங்களின் மகள்கள் கல்லூரிக்கு வந்த காலத்தில், 1998 என்ற ஒரே ஆண்டில் மூன்று தெற்காசியச் சொராரிட்டிகள் தோன்றின. டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ. பெண் எந்த இனத்தவராக இருந்தாலும் சேரலாம். டெல்டா ஃபை ஒமேகா எழுத்தறிவுப் பணியையும், சிக்மா சிக்மா ரோ குடும்ப வன்முறைக்கு எதிரான பணியையும் தமதாக்கிக்கொண்டிருக்கின்றன. நம் சமூகங்களில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒன்றை இருபது வயதுப் பெண்கள் மேடையேற்றுவது எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது. இங்கே விருப்பம் தெரிவிப்பது எளிது. கிளையின் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு படிவம் இருக்கும். பெயர், ஆண்டு, பாடம், மதிப்பெண், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்வி. பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம் அறிமுக நிகழ்ச்சிகள், அதன்பின் அழைப்பின் பேரில் மட்டும் நேர்காணல். ஒரு பருவத்தில் சேர்பவர்கள் பல கிளைகளில் ஒரு காரில் அடங்கிவிடும் எண்ணிக்கைதான். அதனால் நெருக்கம் விரைவில் வரும். ஒவ்வொருவர் மீதும் விழும் வேலையும் அதே அளவுக்குக் கூடும். புதிய உறுப்பினர் பயிற்சி பல வாரம் நீளும், படிப்பின் நேரத்தைத் தின்னும். படிவம் நிரப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது.

பணத்தையும் அதே நேரத்தில் கேட்டுவிட வேண்டும். பதிவுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், பருவக் கட்டணம், சின்னம், உடை, சில இடங்களில் வீட்டு உணவுக் கட்டணம் என்று தனித்தனியாக வரும். பெரிய மாளிகைகள் வைத்திருக்கும் தென்மாநிலக் கிளைகளில் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பல வளாகங்களின் பான்ஹெலனிக் அலுவலகங்கள் சராசரித் தொகையை வெளியிடுகின்றன; தவணை முறையும் உதவித்தொகையும் உண்டா என்று கேட்பதை எந்தக் கிளையும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வளாகங்களில் புதியவர்களைத் துன்புறுத்தியதாக உறுதியான அமைப்புகளின் பெயர்களை ஒவ்வொரு கல்லூரியும் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது. அந்த அறிக்கைகள் 2025 இறுதியிலிருந்து கல்லூரிகளின் இணையதளங்களில் வரவேண்டியவை. எந்த அமைப்பு, எப்போது, என்ன செய்தது, என்ன தண்டனை பெற்றது என்ற விவரங்கள் அவற்றில் இருக்க வேண்டும். தம் மகள் படிவத்தில் பெயர் எழுதும் முன், அவள் விரும்பும் கிளை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்க இப்போது வழி இருக்கிறது.